சஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?

கல்லீரல் மாற்றுப் பிரிவின் தாழ்வாரத்தில் செவ்வாய்க்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வரிசையாக உட்கார்ந்திருப்போம். உலு திராம் என்ற ஊரிலிருந்து நானும் தங்கை ஜெமிலாவும் வருவோம். அவள் கல்லீரலில் பாதி என் வயிற்றில் இருந்தது. நாங்கள் உட்கார்ந்த பச்சை நாற்காலிகள் இப்போது இல்லை. நோயாளியாகக் கிடந்த இடத்துக்கு ஏங்குகிறவனைப் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும்.

பிரிவின் தலைவர் டாக்டர் சாந்தி, மாத்திரை நேரத்தையும் இரத்தத்தில் மருந்தின் அளவையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நோட்டு. எதிர்ப்படக்கி மாத்திரையை (புதிய கல்லீரலை உடல் தாக்காமல் தடுக்கும் மருந்து) காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் போட்டு, நேரத்தை எழுத வேண்டும். செவ்வாய் மட்டும் இரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை.

நோன்பு மாதம் வந்தது. அறுவைக்குப் பின் முதல் வருடம் நோன்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரே பசித்திருக்க, சாப்பாட்டுக் கடைக்காரன் நான் மட்டும் தோசை தின்பதா? யாருக்கும் சொல்லாமல் நோன்பு பிடித்தேன். மாத்திரையைச் சஹரிலும் (விடியலுக்கு முன் உண்பது) நோன்பு திறக்கும்போதும் போட்டேன். நோட்டில் எட்டு, எட்டு என்றே எழுதினேன். டாக்டர் மனம் நோகக் கூடாதே என்ற மரியாதைதான்.

மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே இரத்தம் எடுத்ததால் மருந்தின் அளவு கூடுதலாகக் காட்டியது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மூன்றாம் வாரம் என் கண் மஞ்சளானது. நிராகரிப்பு (மாற்றிய உறுப்பை உடல் ஏற்க மறுப்பது) என்றார்கள்.

ஜெமிலா அழவில்லை. "நானா, நான் கொடுத்தத பத்திரமா வச்சிருக்கீங்கன்னுதானே நினைச்சேன்" என்றாள். எங்களில் அண்ணனை நானா என்போம். அறுவைக் காயம்கூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

டாக்டர் சாந்தி நோட்டைப் புரட்டினார். எல்லா எட்டும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன.

"அண்ணே, இதெல்லாம் ஒரே நாள்ல உட்கார்ந்து எழுதினதுதானே? நெசமா எத்தன மணிக்குப் போட்டீங்க?"

சொன்னேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்திருந்தேன். அவர் தன் மருத்துவர்கள் பக்கம் திரும்பினார்.

"நோன்பு வருதுன்னு காலண்டர்லயே இருக்குலா. நம்மள்ல யாராச்சும் இவர்கிட்ட கேட்டோமா? தப்பு என்னோடது. ஆய்வுல அப்படியே எழுதுங்க."

பல நாள் ஊசி மருந்து ஏற்றிய பிறகு நிராகரிப்பு அடங்கியது. புது நோட்டுக்குக் கேள்விகள் தயாரிக்கும் கூட்டத்துக்கு டாக்டர் என்னையும் அழைத்தார். தேத்தண்ணீர் கொடுத்து, தன் பக்கத்தில் நாற்காலி போட்டார். 'நோன்பு இருக்கிறீர்களா?' என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார்.

"அப்படிக் கேட்டா இல்லன்னுதான் சொல்வோம் டாக்டர்" என்றேன். "சஹருக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க. சாப்பாட்டப் பத்தி எங்க ஆளுங்களுக்குப் பொய் வராது."

டாக்டர் சாந்தி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

இப்போது அவர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். என் நிலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நோட்டில் நல்ல பிள்ளையாக நடிக்காதீர்கள்.

போன நோன்பு மாதம் புதிதாக வந்த இளம் மருத்துவர் தாளைப் பார்த்துக் கேட்டார்: "அங்கிள், சஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அது யார் கேள்வி என்று அவருக்குத் தெரியாது. வலது விலாவின் கீழ் என் கை தானாகப் போனது. ஜெமிலாவின் பசியும் அங்கே இருக்கிறது.

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர், எனக்கும் தங்கச்சிக்கும் இன்னும் நோன்பு கூடாதுல்ல" என்றேன். "எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்துட்டு, மாத்திரையப் போட்டுட்டு, தங்கச்சியோட சேர்ந்து பசியாறணும்."