வெள்ளையடித்த மரம்

எர்மினுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. செயின்ட் லூசியா தீவில், கடலோரத்து வீட்டில், ஓர் அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். வந்தவர்கள் பெட்டியை இறக்குமுன்பே ஆரம்பித்துவிடுவாள். தென்னைக்கு அடியில் படுக்காதே, உச்சி வெயிலில் அலையாதே, கொசுக்கடியைச் சொறியாதே, பாறைப் பக்கம் நீந்தாதே. வலையைத் தைக்கிற நேரத்தில் இவள் வாயைத் தைத்தால் புண்ணியம் என்பான் கணவன் ஹிலேர்.

அன்று காலை, அறையில் தங்கியிருந்த டச்சுக்காரி மாரிட் கடற்கரைக்குக் கிளம்பினாள். எர்மின் வாயைத் திறந்ததுமே ஹிலேர் குறுக்கே விழுந்தான்.

"விடு எர்மின். அந்தப் பொண்ணு ஊர் சுத்த வந்திருக்கு, உங்கிட்ட திட்டு வாங்க இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. அதனால் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். சிவப்புப் பட்டை அடித்த மரத்துக்குக் கீழே ஒதுங்காதே; அது மஞ்சினீல், விஷமரம். அதன் இலையில் பட்டுச் சொட்டும் மழைத்தண்ணீர் தோலை வேகவைத்துவிடும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. மாரிட் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

எர்மின் ஈரப்பலாக் காயை அடுப்பில் வைத்தாள், எடுத்தாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். எதையோ மறந்த மாதிரி மனசு அடித்துக்கொண்டே இருந்தது. வானம் இருட்டித் தூறல் விழுந்தது. கை கழுவப் போனவள் நகக்கண்ணில் சுண்ணாம்பைப் பார்த்தாள்.

மீனவர் திருவிழாவுக்குக் கரையோர மரங்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பது ஊர் வழக்கம். நேற்று அந்தப் பக்கம் முழுக்க அடித்தது இவள்தான். மஞ்சினீலின் சிவப்புப் பட்டையை விட்டுவிட்டு அடித்திருக்க வேண்டும். பளிச்சென்று இருக்கட்டுமே என்று அதன்மேலும் இழுத்துவிட்டாள். ஊர்க்காரிக்குப் பட்டை எதற்கு? எது எந்த மரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாளே! பாழாய்ப்போன புத்தி!

தண்ணீர்க் குடத்தையும் சோப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஹிலேர் கூப்பிட்டது காதில் விழவில்லை. மழை வலுத்தது. கரையில் வேறு யாரும் இல்லை. அடர்ந்த மரமொன்றின் கீழ், வெள்ளைத் தண்டில் சாய்ந்தபடி, மாரிட் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய வா! கண்ணைத் தொடாத!"

இழுத்துவந்து வெட்டவெளியில் உட்கார வைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி ஊற்றினாள். கழுத்தும் தோளும் அதற்குள் சிவந்து கொப்புளம் கண்டிருந்தன. கண் தப்பித்தது. மாரிட் வலியில் அழுதாள், ஆனால் கோபப்படவில்லை. தப்புச் செய்த பிள்ளை மாதிரி எர்மினைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதை நான் மறக்கல. சுத்திச் சுத்திப் பாத்துட்டுத்தான் நின்னேன். சிவப்பு இல்லவே இல்ல."

குடத்தின் கடைசித் தண்ணீரையும் எர்மின் அவள் தோளில் ஊற்றினாள்.

"இருந்துச்சும்மா. நான்தான் அழிச்சேன்."