செக்கிங் அக்கா ஒரு தடவைதான் பூட்டுவார்

சாவியைத் திருப்பி உருவுகிறார். கதவை இழுத்துப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் படியில் நின்றபடியே எழுதுகிறார்: எழுபத்தைந்து. பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று போடும் மார்க் அது. இரண்டு மாடி இறங்கி, கீழ்வீட்டில் குடியிருக்கும் என் ஜன்னலோரம் வந்ததும் இன்னொன்று: எழுபது. "கத்து, நல்லாக் கத்து. நான் மேல வர மாட்டேன்" என்று பயத்திடம் சத்தமாகவே சொல்லிவிட்டு வேலைக்கு நடக்கிறார்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த சட்டைகளைச் சோதித்து அனுப்புவது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருட அனுபவம். அங்கே அவருடைய சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. செக்கிங் அக்கா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். காலரில் தொடங்கி பட்டன் பட்டி, கை, ஓரத் தையல் என்று விரல் ஒரு சுற்று வரும். தையல் விட்டுப்போன இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர். பஸ்ஸில் போனாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. "தம்பி, உங்க காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணலை, தைச்சவளுக்கு அவசரம்" என்று முன்சீட்டுக்காரரைத் தட்டிச் சொல்வார்.

அதே கண் ஒன்பது வருடங்களாக வீட்டில் அவரைப் படுத்தியது. கேஸ் அடுப்பின் குமிழ், குழாய், பூட்டு. பஸ் நிறுத்தம் வரை போய் மூன்று தடவை திரும்பி வருவார். செல்போனில் மகள்களின் படங்களைவிட அடுப்பின் படங்களே அதிகம், அறுநூற்றுச் சொச்சம். மதியமானால், சாப்பிட வீட்டுக்கு வந்துபோகும் எலக்ட்ரீஷியன் கணவருக்குப் போன்: "அடுப்பு மூடியிருந்துச்சாங்க?" "மூடியிருந்துச்சும்மா." ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடி போன். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. கட்டிக்கொடுத்த பெரிய மகளின் வீட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

அந்த மகள் உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது போனில் சொன்னாள்: "அம்மா, எனக்கு வலி எடுக்கும்போது நீ பக்கத்துல இருக்கணும். அடுப்புக்குப் பக்கத்துல இல்ல."

மறுவாரமே அக்கா மனநல ஆலோசகரின் எதிரில் போய் உட்கார்ந்தார். எண்ணத்தையும் பழக்கத்தையும் பிடித்துத் திருத்துகிற சிகிச்சை, சிபிடி என்பார்கள். ஆலோசகருக்கு அக்கா மகளின் வயதுதான். முதல் நாளே தகராறு. "ஏம்மா, திரும்பிப் பாக்காம போனா பயம் தானா இறங்கும்ங்கிறியே, அதுக்கு என்ன ஆதாரம்?"

"என்னை நம்பாதீங்கம்மா. ஒரு தடவை பூட்டிட்டு மார்க் போடுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மறுபடி போடுங்க. இறங்கலைன்னா வந்து என்னோட சண்டை போடுங்க."

சண்டை என்ற சொல் அக்காவுக்குப் பிடித்துப்போனது. எதற்கும் சும்மா தலையாட்ட மாட்டார். "புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடுவேன். செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லிடுவேன். அவகிட்ட நல்ல பேரு வாங்கவா லீவு போட்டுட்டுப் போறேன்?"

இப்படிப் பேசுகிறவர்தான் மூன்றாம் வாரம் மாட்டிக்கொண்டார். அவர் நீட்டிய மார்க் தாளில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. முத்து முத்தான எழுத்து. ஆலோசகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது படியில நின்னு எழுதினதாம்மா?" அக்கா வீட்டில் உட்கார்ந்து மூன்று தாள் எழுதிப் பார்த்து, பிழையில்லாத நாலாவதைக் கொண்டுவந்திருந்தார். "பூட்டை விட்டுட்டுத் தாளைப் பிடிச்சுக்கிட்டீங்களே. அடுத்த தடவை பேனாவால எழுதுங்க, திரும்பப் படிக்காதீங்க. ஒரு தப்பாவது இருக்கணும்."

"தப்போட அனுப்பணுமா? நானா?" வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று என் வாசலில் விழுந்தது. இனி அங்கே போவதில்லை என்று கணவரிடம் அறிவித்தார். அடுத்த வாரம் போகவும் இல்லை.

அந்த நாட்களில்தான் தையல் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தி, அக்காவைவிட இரண்டு வயது மூத்தவள், பார்த்து முடித்து வைத்த வெள்ளைச் சட்டையை மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அதட்டினார்: "வச்சதை எடுக்காதே. ஒரு தடவை பாரு, ஒழுங்காப் பாரு, கையை எடு. தொட்டுத் தொட்டே அழுக்காக்கிடுவே." சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏன் நிக்கிறே?" என்று கேட்டவளுக்கு, "ஒண்ணுமில்ல, என்னைத் திட்டிக்கிட்டேன்" என்றாராம்.

மறுவாரம் ஆலோசகரின் மேஜையில் விழுந்த நோட்டில் மைத் தீற்றல், தேதிக் குளறுபடி, டீக் கறை. "இந்தா, தப்பும் தவறுமா இருக்கு. நீ சொல்ற பாடம் எங்க லைன்ல இருபத்திரண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. முதல்லயே கேட்டிருக்கலாம்ல?"

அதன்பிறகு கணவரைப் பழக்கவேண்டியிருந்தது. கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்று அவருக்கு உத்தரவு.

"மூடியிருந்துச்சாங்க?"

"சொல்ல மாட்டேன்."

"கட்டினவளுக்கே சொல்ல மாட்டீங்களா?"

"நீதானேம்மா சொல்லாதீங்கன்னே?"

"அது காலையில சொன்னது!"

போனை வைத்துவிட்டு எண்பத்தைந்து என்று எழுதுவார். அரை மணியில் நாற்பது. "அவரு வாயே திறக்கலை, நம்பர் மட்டும் இறங்கியிருக்கு பாருங்க" என்று நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். பூஜ்யத்துக்கு இறங்கியதில்லை. அதைப் பற்றிக் கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும். கூட வர்றதுன்னா வரட்டும். எனக்கு முன்னாடி நடக்க விடமாட்டேன்."

போன வியாழக்கிழமை இருவரும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆறு மணி நேரப் பயணம். மூன்று வாரம் வீடு பூட்டிக் கிடக்கும். அக்கா ஒரு தடவை பூட்டினார், தொண்ணூற்றைந்து எழுதினார். பஸ் நிறுத்தம் வரை நானும் போனேன். அக்காவின் மேலுதட்டில் வியர்வை. பஸ் வளைவில் தெரிந்தபோது அவருடைய ஒரு கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

இரண்டு கையிலும் பெட்டியோடு நின்ற கணவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இந்தாம்மா, நான் பாத்துட்டேன், அடுப்பு..."

அக்காவின் உள்ளங்கை அவர் வாயை அடைத்தது. அடைத்த வேகத்தில் கணவரின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பஸ் வந்து நின்றது. அந்தக் கையை எடுக்காமலே, மறு கையால் கம்பியைப் பிடித்து, அக்கா முதல் படியில் ஏறினார்.