சிவப்புக்காகக் குறைத்த வெளிச்சம்

சிவப்புப் பறவையைப் படமெடுக்கும்போது கமரா சொல்வதை நம்பக் கூடாது. அது முழுக் காட்சிக்கும் சராசரி பார்த்து, வெளிச்சம் சரி என்று சொல்லும். அந்தக் கணக்கில் பச்சையும் மண்ணிறமும் ஒழுங்காக வரும். சிவப்பு மட்டும் எரிந்துபோகும். இறகு இறகாகத் தெரிய வேண்டிய நெஞ்சு, வர்ணம் பூசிய பிளாஸ்டிக் துண்டுபோலத் தட்டையாகிவிடும். அதனால் ஒரு ஸ்டொப், அதாவது பாதிக்குப் பாதி, சில நேரம் அதற்கும் மேலே, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். படம் எடுத்ததும் கமராவின் திரையில் சிவப்புக்கான வரைபடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு வலப்பக்க ஓரத்தில் போய் முட்டக் கூடாது. இப்படிச் செய்தால் சிவப்பு தப்பிவிடும். மற்றதெல்லாம் கறுத்துப்போகும்.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுத்தவன். கறுப்புக்குள் என்ன கிடக்கிறது என்று பார்ப்பது என் தொழிலாக இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று பிறகு சாட்டுச் சொல்லாதிருக்க, இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஓய்வுக்குப் பின் ட்ருகனினா என்ற புறநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அங்கிருந்து யூ யாங்ஸ் மலையடிக் காட்டுக்குக் காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தக் காட்டில்தான் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் சிட்னியில். பகல் பன்னிரண்டிலிருந்து கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. காலை நேரங்களில் ஒரு குறிப்புக் கொப்பியோடு காட்டுக்கு வந்துவிடுவார். முதல் நாளே என் லென்ஸைப் பார்த்து, "இவ்வளவு நீளக் குழாயோட எங்க, சந்திரனையோ எடுக்கப் போறியள், அண்ணை?" என்று கேட்டார்.

நெஞ்சு சிவந்த ராபின் குருவிச் சோடி ஒன்றை அவர் மூன்று வருடமாகக் கவனித்துவந்தார். முதல் இரண்டு வருடமும் முட்டையோடு எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் வருடம் மூன்று குஞ்சுகள் பொரித்தன. அதை எனக்குச் சொல்வதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்ததாகப் பிறகு சொன்னார்.

"காட்டுறன். ஆனா இந்த மரத்துக்கு அங்கால போகக்கூடாது. ஒரு இலையையும் தொடக்கூடாது. கோயில்ல நிக்கிற மாதிரி நிக்க வேணும்."

"நான் கோயில்லயும் படம் எடுக்கிறனான், தங்கச்சி."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

கூடு என் தலையுயரத்தில், ஒரு கவட்டில் இருந்தது. சிலந்தி நூலால் கட்டி, வெளியே மரப்பாசி ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு இலைக்கிளை திரைபோல விழுந்திருந்தது. அந்தக் கிளைதான் என்னைப் படுத்தியது. ஆண் குருவி வந்து குந்தும்போது இலைநிழல் நெஞ்சில் பாதியைக் கறுப்பாக்கும். மீதிப் பாதி வெயிலில் எரியும். எவ்வளவு குறைத்தாலும் கூட்டினாலும் ஒரு பாதி கெட்டுப்போகும். மூன்று நாள் தோற்றேன்.

நாலாம் நாள் அவர் பதினொன்றரைக்கு வேலைக்குப் புறப்பட்டார். கார்ச் சத்தம் ஓயும்வரை நின்றேன். பிறகு மரத்தைத் தாண்டிப் போய், அந்தக் கிளையைச் சணல் கயிற்றால் இழுத்துப் பக்கத்துக் கொப்போடு கட்டினேன். வெட்டவில்லை. படமெடுப்பவர்களில் பலர் இதைச் செய்வார்கள். வெட்டாமல் கட்டினால் பாவமில்லை என்று எங்களுக்குள் ஒரு நியாயம் உண்டு. எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிட வேண்டும் என்பதும் அந்த நியாயத்தில் சேர்ந்ததுதான்.

ஒன்றே முக்காலளவில் வெயில் சரிந்து கூட்டின்மேல் முழுதாக விழுந்தது. ஒரு ஸ்டொப்பும் இன்னும் கொஞ்சமும் குறைத்தேன். அந்தச் சிவப்பு இறகு இறகாக வந்தது. பின்னால் நிழலில் இருந்த காடு கறுத்துத் துணிபோலானது. இருபத்தேழு படங்கள் எடுத்தேன். கடைசிப் படத்தில் குருவி கழுத்தைப் பின்பக்கம் திருப்பியிருந்தது. நல்ல திருப்பம் என்று சந்தோஷப்பட்டேன்.

பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்க வேண்டிய நேரம் வந்தது. கயிற்றை மறக்கவில்லை. காலை வெயிலிலும் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவிழ்க்காமல் வந்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கே போனேன். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. கூட்டின் விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்து, உள்ளே இருந்த பஞ்சு வெளியே தொங்கியது. குஞ்சுகள் இல்லை. கீழே இறகோ இரத்தமோ எதுவும் கிடக்கவில்லை.

அப்போது ஆண் குருவி வந்தது. வாயில் பச்சைப் புழு. விளிம்பில் குந்தித் தலை குனிந்தது. நிமிர்ந்தது. வாய் திறக்கும் என்று எதிர்பார்ப்பதுபோலக் காத்துக்கொண்டிருந்தது. பிறகு பறந்துபோய், அதே புழுவோடு திரும்பி வந்து மறுபடியும் குனிந்தது. நான் பார்க்க ஐந்து தடவை வந்தது. அந்த ஐந்து தடவையும் நான் படமெடுத்தேன். எடுத்து முடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டேன். கிளை பழைய இடத்துக்குத் திரும்பி, ஆடி நின்றது.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். பிய்ந்த கூட்டை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்கள் கிட்டப் போனனீங்களோ, அண்ணை?"

"இல்லை."

"அப்ப நான்தான். ஒவ்வொரு நாளும் ஒரே பாதையால வந்து வந்து, எதுக்கோ வழி காட்டிப்போட்டன்."

இல்லை என்று மறுக்க எனக்கு வாயிருந்தது. மறுக்கவில்லை. அதன்பின் அவர் காட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேலை, பூசை, வீடு. தொலைபேசியில் கேட்டால், "நான் போனா அதுகளுக்குக் கூடாது" என்பார். அந்தக் காலைகளைத் தவிர அவருக்கென்று வேறு எதுவும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெறுங்கூட்டில் குனிந்த குருவியின் படத்தை எங்கள் வட்டார நூலகக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். 'தந்தை' என்று பெயர் வைத்தேன். சிவப்பை இவ்வளவு அழகாக எப்படி எடுத்தீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். எப்படிக் குறைப்பது என்று விளக்கினேன். அந்தப் பெண்மணியும் வந்து, படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"இது குஞ்சுகள் இருக்கேக்க எடுத்ததுதானே?"

"ஓம்."

"நல்லது. ஒரு நாளாவது வடிவாச் சாப்பிட்டிருக்குதுகள்."

இரண்டு மாதம் கழித்து, வீட்டில் ஒருவரும் இல்லாத ஒரு மத்தியானம், கட்டிவைத்து எடுத்த அந்த இருபத்தேழு படங்களையும் கணினியில் திறந்தேன். பின்னால் கொஞ்சம் இலை தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று இருட்டான பகுதியை மட்டும் வெளிச்சமாக்கினேன். கறுப்புக்குள்ளிருந்து காடு மெல்ல எழுந்து வந்தது. கொப்புகள், பட்டைகள், அப்புறம் ஒரு மஞ்சள் புள்ளி.

பெரிதாக்கினேன். அது கண். கரவோங் என்று இங்கே சொல்லும் பறவை. காகத்தைப்போலக் கறுப்பு, கண் மட்டும் மஞ்சள். மற்றக் குருவிகளின் குஞ்சுகளைத் தின்னும். அடுத்த படத்தைத் திறந்தேன். அதிலும் இருந்தது. பன்னிரண்டாவது படத்தில் ஒரு கொப்பளவு கிட்ட வந்திருந்தது. இருபதாவதில் இன்னும் ஒரு கொப்பளவு. ஒரு மணி நேரமாக அது சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்க, நான் சிவப்பின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருபத்தேழாவது படத்தில் கண் மிகத் தெளிவாக இருந்தது. ராபின் கழுத்தைத் திருப்பி அதைத்தான் பார்த்தது. கரவோங் ராபினைப் பார்க்கவில்லை. கூட்டையும் பார்க்கவில்லை. நேரே லென்ஸைப் பார்த்தது. நான் எப்போது போவேன் என்று காத்திருந்தது.

எழும்பி யன்னலை மூடினேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை.

மூன்று நாள் அந்தக் கணினிப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் வைத்து, கிளையைக் கட்டியதிலிருந்து நூலகத்தில் சொன்ன பொய்வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து, தானே நின்றது.

"படத்தைக் காட்டுங்கோ."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். மஞ்சள் கண்ணில் விரலை வைத்து, "எத்தினை மணி?" என்று கேட்டார். படத்தின் கீழே நேரம் இருந்தது. முதலாவது, ஒன்று ஐம்பது. கடைசி, இரண்டு ஐம்பத்தைந்து.

"அப்ப நான் வேலையில."

"ஓம்."

"நான் அங்க இல்லை."

"இல்லை, தங்கச்சி."

அதை இன்னும் ஒரு முறை, எனக்கல்லாமல் தனக்குச் சொன்னார். பிறகு கதிரையைத் தள்ளி எழும்பி, குசினித் தொட்டியில் முகத்தைக் கழுவினார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. துடைத்துவிட்டுத் திரும்பியபோது, கோபத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. அத்தனை மாதமும் அதை நான் அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

"நாளைக்கு விடிய நான் காட்டுக்குப் போறன்," என்றார். "நீங்கள் வராதேங்கோ, அண்ணை. இனி ஒரு நாளும்."

போகவில்லை. அடுத்த வசந்தத்தில் அந்தக் குருவிச் சோடி கூடு கட்டியதா என்று கேட்கவும் இல்லை. அவரும் சொல்லவில்லை.