கெண்டைத் தலை யாருக்கு

மீன் தப்பிப் போன பிறகு யோசனை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவரின் தம்பி அந்த ரகம். இத்தனை வருடம் கழித்தும், கோடையில் கெண்டை பிடிப்பது எப்படி என்று விருந்தாளிகளிடம் அவர் விளக்க ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கே பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழும்.

நான் பிறந்தது வடமதுரைப் பக்கம். எங்கள் ஊர்க் குளத்தில் சம்புக் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும். அங்கே விரால்தான் மீன், மற்றதெல்லாம் பொடி. பெரிய தூண்டில் முள்ளில் தவளைக்குஞ்சைக் கோத்து, கொடிகளுக்கு மேலே தத்தித் தத்தி இழுக்க வேண்டும். தொபுக்கென்று விழுங்கும். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு இடுப்பைத் திருப்பித் தூண்டிலை ஒரே வெட்டாக வெட்டி இழுக்க வேண்டும். அதற்கு மேல் தயங்கினால் கொடிக்குள் புகுந்துவிடும். அண்ணன்மார் மூவரையும்விட நான் அதிகம் பிடித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சித்தையன்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். முதல் மாதமே சாப்பிடும்போது இதைச் சொல்லித் தொலைத்தேன். பொட்டப்பிள்ளை விரால் பிடித்தாளாம் என்று மாமியார் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையே ஏறிவிட்டது. அன்று முதல் என் பெயர் விரால்காரி. குழம்பில் உப்புக் குறைந்தால் விரால்காரி, பால் பொங்கி வழிந்தால் விரால்காரி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கணவரும் சேர்ந்து சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் பொய் சொல்கிறவள் என்று அந்த வீடு முடிவு கட்டிவிட்டது.

அந்தக் கோடையில் குளமெல்லாம் காய்ந்துவிட்டது. ஆத்தூர் அணையில் மட்டும் தண்ணீர் கிடந்தது. கொழுந்தன் மளிகைக் கடை வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்குத் தூண்டில் போடப் போவார். பிடித்தவருக்குத்தான் மீன் தலை என்பது அந்த வீட்டு வழக்கம். மாமனாரே கேட்க மாட்டார். அந்தத் தலை ஒரு நாளாவது என் தட்டில் விழ வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு, நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். வீட்டில் மறுபடியும் சிரித்தார்கள்.

முதல் ஞாயிறு தக்கை அமுங்கியதும் பழக்கதோஷத்தில் இடுப்பைத் திருப்பி ஒரே வெட்டு வெட்டினேன். முள்ளில் உதட்டுத் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. கெண்டைக்கு வாய் மெலிசு, வெட்டி இழுக்கக் கூடாது என்றார் கொழுந்தன். முள்ளும் சின்னதாக இருக்க வேண்டுமாம். இதைத் தூண்டில் போடும் முன்னால் சொன்னால் வாய் வலிக்குமா?

அடுத்த ஞாயிறு சின்ன முள்ளோடு போனேன். உச்சிவெயில் வரை ஒன்றும் கடிக்கவில்லை. திரும்பும் வழியில்தான் மிச்ச யோசனையை அவிழ்த்தார். கோடையில் தண்ணீர் தெளிந்து கிடப்பதால் நின்றால் நிழல் விழுமாம், உட்கார வேண்டுமாம். வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடுமாம். விடியற்காலையில் ஓடைத் தண்ணீர் பாறையில் விழும் இடத்துக்குத்தான் வருமாம். இட்லியும் டீயும் முடித்து ஒன்பது மணிக்கு என்னை அழைத்துப் போனது அவர்தான். அந்தப் பாறையில் தான் உட்கார்ந்துகொண்டு, நிழல் இருக்கிறது என்று என்னைச் சேற்றுக்கரைக்கு அனுப்பியதும் அவர்தான். 

மூன்றாம் ஞாயிறு விடியும் முன்பே கொழுந்தனை எழுப்பினேன். முதலில் போய்ப் பாறையில் உட்கார்ந்தது நான்தான். வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தார், நான் அசையவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் தக்கை பக்கவாட்டில் நகர்ந்தது. வலது கை வெட்டத் துடித்தது, இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினேன். தக்கை முழுதாக முங்கியபின் மணிக்கட்டை மட்டும் மெல்ல உயர்த்தினேன். விரால் என்றால் இழுத்துப் போட்டுவிடலாம். இதை ஓடவிட்டுப் பிடித்து, ஓடவிட்டுப் பிடித்ததில் தூண்டில் நரம்பு உள்ளங்கையை அறுத்தது. கடைசியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி முந்தானையால் வாரிக் கரையேற்றினேன். கொழுந்தன் டீ குடித்துவிட்டு வந்தபோது மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நான் மீனைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தால் நன்றாயிருக்காது என்று அவரே பையை வாங்கி மொபெட்டில் மாட்டிக்கொண்டார். வழியில் கேட்டவர்களிடம், ரெண்டு கிலோவுக்கு மேல் இருக்கும் என்றார். வீட்டிலும் அதையேதான் சொன்னார், பிடித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. பொய் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். ஆண்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன், மாமியார் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"தலையை எங்க காணோம்? சின்னவனுக்கு வை."

"புடிச்சவ தட்டுல இருக்கு அத்தை."

நான் மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து காட்டினேன். வாயோரத்தில் முள் குத்திய ஓட்டை தெரிந்தது. கையில் நரம்பு அறுத்த கோட்டையும் காட்டினேன்.  கணவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். மாமியார் சின்ன மகனைப் பார்த்தார்.

"ஏலே, அப்ப நீ புடிக்கலையா?"

"நாந்தானம்மா யோசனை சொன்னேன்."

"யோசனைக்கெல்லாம் தலை கெடையாதுலே."

மாமியார் சிரிக்கவில்லை. கணவர் தட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அந்த வீட்டில் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவோம். அன்று அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். கெண்டைத் தலையில் முள் அதிகம். அவசரப்படாமல், ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டோரம் வைத்துச் சாப்பிட்டேன். பந்தியில் எல்லோரும் முடிக்கும் முன் எழுந்திருக்கக் கூடாது என்பதும் அந்த வீட்டு வழக்கம். நான் முடிக்கும் வரை கொழுந்தன் எழுந்திருக்க முடியாமல் எதிரே உட்கார்ந்திருந்தார்.