முட்டுவீட்டுப் பாடம்

முத்துமீனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கீழக்குயில்குடியில் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். அவள் கணவன் மொக்கைச்சாமி சொல்வான். சொல்லிவிட்டு, தன் பங்கையும் அவளே பேசட்டும் என்று சும்மா இருந்துவிடுவான். சமயநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. போகிற இடத்தில் நாலு பெண்கள் சேர்ந்துவிட்டால் மாதவிலக்குப் பேச்சை எடுத்துவிடுவாள்.

"ஒளிச்சு வைக்க இது என்ன களவாண்ட நகையா ஆத்தா? தொவச்ச துணிய நல்ல வெயில்ல காயப்போடுங்க. கீரையும் சுண்டலும் தின்னுங்க. தீட்டாவது ஒண்ணாவது!"

இவ்வளவு பேசுகிறவள், மாதத்தில் மூன்று நாள் தான் வாக்கப்பட்ட ஊர் முட்டுவீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். சிரிக்காதீர்கள். அவள் கதை அப்படி.

முட்டுவீடு என்பது கண்மாய்க்கரையில் ஓர் ஒற்றை அறை. தூரமான, அதாவது மாதவிலக்கான பெண்கள் அங்கேதான் தங்க வேண்டும். கோயில் தெருவில் கால் வைக்கக் கூடாது. வயக்காட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். கல்யாணமான புதிதில் "நான் போகமாட்டேன்" என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். அந்த வாரம் பார்த்தா மாமியாரின் பசு கோமாரியில் சாக வேண்டும்? தீட்டால் இல்லை, தடுப்பூசி போடாததால்தான் செத்தது என்று அவள் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. அன்றைக்குப் போனவள்தான். பதினாலு வருஷம்.

போன இடத்திலாவது சும்மா இருந்தாளா? அங்கே இருக்கிற ஐந்தாறு பேரின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் இல்லை என்று திட்டுவாள். வாசலில் உட்கார்ந்து பாடம் நடத்துவாள். ஒரு தடவை பிரஷர் மிஷினையும் கூடவே கொண்டுபோய்விட்டாள். முட்டுவீட்டுக்குள் போன பொருளை நனைக்காமல் ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. மாமியார் நல்ல மனதோடு ஒரு குடம் தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்துவிட்டார். ஆபீசில் அவள் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று கேட்காதீர்கள்.

மொக்கைச்சாமி மூன்று வேளையும் இலைப் பொட்டலத்தில் சோறு கொண்டுவருவான். இருபதடி தள்ளிக் கிடக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டு, புங்கமரத்தடியில் போய் நிற்பான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டான். வாயையும் திறக்கமாட்டான்.

மாமியார் காலமாகி இரண்டு வருஷம் ஆன பிறகும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கே உள்ளூரப் பயம் இருந்தது. மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் ஒரே மகள் பவதாரிணி ஏழாம் வகுப்புக்குப் போனதிலிருந்து வேறொரு பயம் பெரிதாகிவிட்டது. பிள்ளை இந்த வாசலை மிதிக்கவே கூடாது. அவள் பெரியமனுஷியாகிற அன்று பக்கத்தில் இருந்துவிட்டால் போதும், யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

போன தை மாதம், அவள் முட்டுவீட்டில் இருந்த இரண்டாம் நாள் மத்தியானம், பக்கத்து வீட்டு முனியாயி தானும் தூரமாகி, பாயும் கையுமாக வயக்காட்டைச் சுற்றி வந்து சேர்ந்தாள்.

"மீனா, ஒம் மக ஆளாயிட்டாடி. பள்ளிக்கூடத்துலருந்து கூட்டியாந்துட்டாக. இங்க கொண்டாந்து விடச் சொல்லி, ஒம் வீட்டுக்காரர் முன்னால கூட்டமா நிக்கிறாக."

முத்துமீனா விருட்டென்று எழுந்தாள். இத்தனை ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினோமே, வீட்டில் இருக்கிற ஆம்பளையிடம் ஒரு நாளாவது பேசினோமா? அந்த மனுஷன் யாரையும் எதிர்த்துப் பேசி அவள் பார்த்ததில்லை. ஓட ஆரம்பித்தாள். கல்லைத் தாண்டும்போதே எதிரில் அவன் வருவது தெரிந்தது. தனியாக வந்தான். கையில் டிபன் கேரியர் இருந்தது.

"பிள்ள எங்க?"

"வீட்டுலதான். வெந்நி வச்சுக் குடுத்தேன், குளிச்சிட்டுப் படுத்திருக்கா. எதுத்த வீட்டு முத்துத்தாய் அக்கா கூட இருக்கு. அலமாரியில இருந்த நாப்கினை எடுத்துக் குடுத்து, நாலு மணி நேரத்துக்கொருக்கா மாத்தணும்னு சொன்னேன்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பதினாலு வருசமா அந்த மரத்தடியில நிக்கிறேன்ல? நீயென்ன மெதுவாவா பேசுற?"

"ஊர்க்காரவுக?"

"கேட்டாக. எங்க மாட்டுக்கு ஊசி போட்டாச்சு, போங்கன்னேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் கேரியரைக் கல்லின்மேல் வைக்கவில்லை. நேராக அவள் கையில் கொடுத்தான். அவன் விரல் பட்டது. இந்த மூன்று நாட்களில் அவன் அவளைத் தொட்டது, இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"இத முனியாயி அக்காகிட்டக் குடுத்துட்டு வா. பிள்ள ஒன்னயத் தேடுது."

கொடுத்துவிட்டு வந்தாள். ஊர் முகப்பில் அவள் கால்கள் பழக்கத்தில் வயக்காட்டுப் பக்கம் திரும்பின. அவன் கோயில் தெருவில் நாலெட்டு முன்னே போயிருந்தான். திரும்பி நின்று, "இந்தப் பக்கம்" என்றான்.

அவள் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நடந்தாள். வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அத்தனை நீள வாய்க்காரிக்கு, வீடு வந்து மகளைக் கட்டிப்பிடிக்கும்வரை ஒரு வார்த்தையும் வரவில்லை.