கோடி விழுந்த ஏரியைத் தேடி மைசூருக்கு

போன பதிவின் கீழே ஒரு வாசகர், "ஏரி பார்க்க யாராவது எழுநூறு கிலோமீட்டர் போவார்களா?" என்று கேட்டிருந்தார். நான் போயிருக்கிறேன். எழுநூறு இல்லை, ஐந்நூற்று ஐம்பதுதான். 1998 செப்டம்பரில் மைசூருக்குப் போய் வந்த கதை இது. சாமுண்டி மலை, அரண்மனை என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு பதிவுக்குப் போய்விடலாம். அரண்மனையை நான் ஆட்டோவிலிருந்துதான் பார்த்தேன், அதுவும் பாதிதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம் எங்களுடையது. ஒரு காட்டாறு கடலில் சேருகிற முகத்துவாரம்தான் துறைமுகம். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அந்த ஆறு செம்மண்ணைக் கொண்டுவந்து வாயை அடைக்கும், கூடவே ஊர்ச் சாக்கடையும் தேங்கி நாறும். மழை ஓய்ந்ததும் இயந்திரம் பிடித்துத் தூர் வாருவோம், அடுத்த மழைக்கு மறுபடி அடையும். அதற்கு முந்தைய வருடம் என் மச்சான் படகு உள்ளே வரும்போது மண்திட்டில் தட்டிக் கவிழ்ந்தது. உயிர் தப்பினான், வலது கால் போயிற்று. நாற்பத்து மூன்று படகுகளில் பதினான்கு அதற்குப் பிறகு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. மீதிப் படகுகளும் போகலாமா என்று முடிவெடுக்க செப்டம்பர் 27 ஞாயிற்றுக்கிழமை கூட்டம். படகு உரிமையாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். படகுகள் போய்விட்டால் ஊரும் போய்விடும், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் மைசூரிலிருந்து தனபால் கடிதம் வந்தது. சென்னையில் டீசல் எஞ்சின் பழுதுபார்க்க ஆறு மாதம் பயிற்சி எடுத்தபோது ஒரே அறையில் இருந்தவன். அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் போனவர், இவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். கடிதத்தில் ஒரு வரி: "மண்ணடைஞ்சு கிடந்த ஏரி ஒண்ணை ஊர்க்காரங்க சேர்ந்து சரி பண்ணோம், இந்த மழைக்கே கோடி விழுந்தாச்சு. நீ வந்து பாரு."

நான் இதைச் சங்கத்தில் வாசித்துத் தொலைத்தேன். பொருளாளர் மிக்கேல் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எல, ஒரு ஏரிக்கே கோடி ரூவா விழுந்திருக்கு, நம்ம துறைமுகத்துக்கு விழாதா? எந்தத் திட்டம், எந்த ஆபீசுன்னு கேட்டு மனுவுக்கு ஒரு நகலையும் வாங்கிட்டு வா." பயணச் செலவுக்குச் சங்கமே பணம் தந்தது. கையில் புத்தம் புதிய பச்சைக் கோப்பு ஒன்றும் தந்தார்கள்.

18ஆம் தேதி வெள்ளி காலை கிளம்பி மதுரை, திண்டுக்கல், கரூர் வழியாக ஈரோட்டுக்கு மாலை ஆறரைக்கு வந்தேன். சுமார் 355 கிலோமீட்டர், மூன்று பேருந்து, மொத்தம் 76 ரூபாய். பேருந்து நிலையத்துக்கு எதிரே விடுதி அறை 70 ரூபாய். மூட்டைப்பூச்சிகள் இலவசம்.

மறுநாள் காலை 6.10க்கு மைசூர் பேருந்து, கட்டணம் 41 ரூபாய், 195 கிலோமீட்டர். சத்தியமங்கலம் தாண்டினால் திம்பம் மலைப்பாதை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். கடலில் எத்தனை ஆட்டம் ஆடினாலும் வராத வாந்தி எனக்குப் பதினேழாவது வளைவில் வந்தது. பக்கத்து ஆளிடம் நான் இதைப் புலம்பியது கேட்டு ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டு, "கடல்காரருங்களா? கப்பலுக்குக் கொண்டை ஊசி கெடையாதுங்களே" என்றார். காட்டுக்குள் சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடிய காலம் அது, இரண்டு இடத்தில் போலீசார் பைகளைச் சோதித்தார்கள். காலியான பச்சைக் கோப்பைத் திறந்து பார்த்த காவலர் அதை வெகுநேரம் புரட்டினார். சாமராஜநகரில் பத்து நிமிடம் நின்றது. அது தனி மாவட்டமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, பாதிப் பலகைகளில் பெயின்ட் காயவில்லை. மைசூர் வந்து சேரும்போது மணி 1.20.

மண்டி மொஹல்லாவுக்கு ஆட்டோ 9 ரூபாய். தனபாலுக்கு அங்கே ஒரு சந்துக்குள் பம்பு செட்டு பழுதுபார்க்கும் கடை. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று கடைக்குள் ஏறித்தான் வழிவிட வேண்டும். அவன் பேசும் தமிழில் பாதிக்குமேல் கன்னடம் கலந்திருக்கும், வரிக்கு வரி "அல்வா?" என்று முடிப்பான். அல்லவா என்றுதான் அர்த்தம். ஆனாலும் கேட்கக் கேட்க எனக்குப் பசி வந்துவிடும்.

டீ வந்ததும் சங்கத்துப் பச்சைக் கோப்பை எடுத்து வைத்துக் கேட்டேன்: "அந்தக் கோடி ரூவா எந்தத் திட்டத்துல விழுந்துச்சு?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "லேய், என்ன கணோ இது! கோடின்னா துட்டு இல்ல மாராயா. கெரே ரொம்பிச்சுன்னா தண்ணி வெளிய போகும் அல்வா, அந்த எடம்தான் கோடி. கோடி விழுந்துச்சுன்னா ஏரி ரொம்பி வழியுதுன்னு அர்த்தம். துட்டுக் கோடிய நாங்க கோட்டின்னு சொல்வோம்."

எங்கள் பக்கம் அதை மறுகால் என்போம். எங்கள் ஊரில் கோடி விழுந்தது என்றால் லாட்டரிதான். வடஆற்காட்டுக்காரர் யாராவது கூட்டத்தில் இருந்திருந்தால் அவர் ஊர்ப்பேச்சை வைத்துச் சரியாகச் சொல்லியிருப்பார். இருந்தவர்கள் எல்லோரும் உப்புக்காற்றில் பிறந்தவர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இருபத்தொன்பது படகுக்காரர்கள் என்னை நம்பிக் காத்திருக்கிறார்கள், நான் ஒரு கன்னட வார்த்தையை நம்பி வந்திருக்கிறேன். அன்றைக்கே ஊர் திரும்புகிறேன் என்றேன். தனபால் சிரிப்பை நிறுத்தினான். "வந்தது வந்துட்டே. நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஏரியப் பாத்துட்டுப் போ. அப்புறம் என்னைத் திட்டு."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவன் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழியில் இட்லி வடை, இருவருக்கும் 14 ரூபாய். நஞ்சன்கூடு சாலையில் 11 கிலோமீட்டர் போய் இடது பக்கம் பிரிகிற மண் சாலையில் மூன்று கிலோமீட்டர். ஏரி பெரியதில்லை, சுற்றி நடக்க நாற்பது நிமிடம். கல் கட்டிய கோடியில் தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். விரல் நகம் தெரிந்தது. மழைக்காலத்து ஏரியில் விரல் நகம் தெரிகிற தண்ணீரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எத்தனை வருசத்துக்கு ஒரு தடவை தூர் வாருதீய?" என்று கேட்டேன். "ஒரே தடவைதான், மூணு வருசம் முன்னாடி," என்றான் தனபால். "வேலை பூரா இங்க இல்ல கணோ, மேல இருக்கு. நட."

ஏரிக்கு வருகிற ஓடையைப் பிடித்து மேலே நடந்தோம். முதலில் ஒரு குட்டை. புதிதாக வந்த குடியிருப்பின் சாக்கடை முன்பு நேரே ஏரிக்குப் போகுமாம். இப்போது அந்தக் குட்டையில் திரும்பி, அடர்ந்த சம்பங்கோரைக்குள் ஊர்ந்து, மறுபக்கம் நாற்றமில்லாமல் வெளியே வருகிறது. அதற்கு மேலே ஓடையின் குறுக்கே இடுப்பளவு உயரத்துக்குக் கல் அடுக்குகள், நான் எண்ணியவரை பத்தொன்பது. சிமெண்ட் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மண் நின்றிருந்தது, தண்ணீர் மட்டும் கசிந்து இறங்கியது. இன்னும் மேலே சரிவு நிலங்களில் குறுக்கே குறுக்கே பச்சை வரிசைகள். தனபால் "லாவஞ்ச" என்றான். ஒன்றைப் பிடுங்கி முகர்ந்தேன். நம்ம வெட்டிவேர். குண்டலுபேட்டை பக்கத்து விவசாயிகள் காலங்காலமாக வரப்பில் வைப்பார்களாம், நாற்று அங்கிருந்துதான் வந்தது.

அந்தச் சரிவில் நான்கு ஏக்கர் வைத்திருக்கிற சின்னம்மணி அக்காவைத் தனபாலுக்குப் பம்பு செட்டு வழியாகப் பழக்கம். ஹனூர் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ் விவசாயக் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு வந்தார். கடற்கரையிலிருந்து வருகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மொதல்லயே ஒத்துக்கிட்டீங்களா அக்கா, வெட்டிவேர் வைக்க?" என்று கேட்டேன்.

"எங்கீங்க! டவுன்ல இருந்து நாலு பேரு சட்டை மடிப்புக் கலையாம வந்து, உங்க மண்ணு வந்துதான் எங்க ஏரி கெட்டுப்போச்சுன்னாங்க. எங்காட்டுல ரெண்டு முழம் அகலத்துக்கு வேற எடம் உடோணுமாம். போங்க சாமின்னு தொரத்தி உட்டுட்டனுங்க."

"அப்புறம்?"

"ஏரியத் தூர் வாருனாங்க. வண்டல் நல்ல எருவாகுமுன்னாங்க. சரீன்னு டிராக்டர் புடிச்சு பதினெட்டு நடை அடிச்சு எங்காட்டுல கொட்டுனனுங்க. அள்ளிப் பாத்தா செகப்பு. அக்கட்டால பாத்தா எங்காட்டுச் சக்கைக்கல்லு உள்ளாற கெடக்குது." அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்தார். "என்ற மண்ணையே நானு வாடகை குடுத்துத் திருப்பி வாங்கிட்டு வந்திருக்கறனுங்க. வவுறு எரிஞ்சு போச்சு. அன்னிக்கே தனபாலுகிட்ட நாத்து எங்க கெடைக்குமுன்னு கேட்டுப்போட்டனுங்க."

பிறகு அவர் கேட்டார்: "உங்க ஆத்துக்கு மேல ஆருங்க வெவசாயம் பண்றாங்க?"

தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போது முகம் சுட்டது. எங்கள் ஆறு பதினேழு கிலோமீட்டர் தள்ளி ஒரு செம்மண் மேட்டில் உற்பத்தியாகிறது என்று தெரியும். எங்களில் ஒருவர்கூட அங்கே போனதில்லை. கடல் எங்களுடையது, மண் கடலுக்கு வந்த பிறகுதான் எங்கள் பிரச்சினை என்று வாயில் நின்றே வாரிக்கொண்டிருந்தோம். எத்தனை மழை, எத்தனை இயந்திரம், என் மச்சானுக்கு ஒரு கால். எனக்கு என் மேலேயே அசாத்தியக் கோபம் வந்தது. பச்சைக் கோப்பில் முதல் தாளை வைத்து, கல் அடுக்கின் உயரம், இடைவெளி, வெட்டிவேர் நடும் மாதம், கோரைக் குட்டையின் நீள அகலம் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். மதியம் இரண்டு மணிக்கு ராகிக் களியும் அவரைக் குழம்பும் போட்டார் அக்கா. களியைக் கடித்துச் சாப்பிட்ட என்னைப் பார்த்து அக்காவும் தனபாலும் சேர்ந்து சிரித்தார்கள். விழுங்க வேண்டுமாம்.

திங்கள் காலை ஸ்ரீரங்கப்பட்டணம், 16 கிலோமீட்டர், பேருந்து 5 ரூபாய். ரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டுப் படித்துறைக்கு வந்தேன். காவிரி கலங்கிச் சிவந்து போய்க்கொண்டிருந்தது. முன்பென்றால் புதுவெள்ளம் என்று ரசித்திருப்பேன். அன்றைக்கு இது யார் வீட்டுக் காடோ என்றுதான் தோன்றியது. இந்தப் பயணத்துக்குப் பிறகு எந்தச் சிவந்த ஆற்றையும் என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கோடி இல்லை என்ற உண்மையைச் சொன்னதும் கூச்சல். "மறுகாலப் பாக்கவால சங்கத்துக் காசுல போன?" என்றார் மிக்கேல் அண்ணன். நான் உட்காரவில்லை. இந்த ஒரு மழைக்கு மட்டும் எல்லோரும் இருங்கள், மேட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கிறேன், முடியாவிட்டால் முதல் படகை நானே அவிழ்த்து விடுகிறேன் என்றேன். மூன்று மணி நேரம் சண்டை. கடைசியில் பதினைந்துக்குப் பதினான்கு ஓட்டில் இருப்பதென்று முடிவாயிற்று.

இப்படி ஒரு வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திம்பம் பாதையில் இப்போது இரவில் வண்டி விடுவதில்லை, விசாரித்துவிட்டுப் பகலில் போங்கள், காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் போனால்தான் ஏரி வழிவதைப் பார்க்கலாம். ஏரியை மட்டும் பார்த்துப் படம் பிடித்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஓடையோடு மேலே நடங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். விவசாயியிடம் புகாரோடு போகாதீர்கள். அவசரமும் வேண்டாம். எங்கள் முகத்துவாரத்தில் ஆழம் நிற்க ஐந்து மழைக்காலம் ஆனது. இரண்டாம் வருட வெள்ளத்தில் ஏழு கல் அடுக்குகள் அடித்துக்கொண்டு போயின, மறுபடி அடுக்கினோம். போன பதினான்கு படகில் ஒன்பதுதான் திரும்பின. சாக்கடைக் குட்டைக்கு இடம் கிடைக்க அதற்குப் பிறகும் நாளானது. இருந்தாலும் அதன் பிறகு எங்கள் திட்டில் எந்தப் படகும் கவிழவில்லை.

ஆரம்பித்த நாள் அக்டோபர் 4. வேனில் பதினோரு பேர் மேட்டுக்குப் போனோம், எனக்கு எதிராக ஓட்டுப் போட்ட மிக்கேல் அண்ணனும் வந்தார். முதல் சரிவில் ஒரு பெரியவர் தனியாக, மழை அறுத்த ஓடை ஓரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கைலியும் மீன் வாடையுமாக இத்தனை பேர் இறங்கியதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"கடக்கரக்காரவுகளுக்கு இங்க என்ன சோலி?"

வேனில் வரும்போது ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. "ஐயா, உங்க மண்ணு பூரா எங்ககிட்ட வந்து கெடக்கு," என்றேன். "இனிமே வராம இருக்க என்ன செய்யணும்னு கேக்க வந்தோம்."

அவர் எங்கள் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "எங்கிட்ட மம்பட்டி ஒண்ணுதான் இருக்கு," என்றார். "மத்தவுக கையால கல்லப் பொறக்குங்க."