என் காற்றுக்கு அசையாத முந்தானைகள்

கருங்குழியில் மாடி வைத்த வீடு, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிச் சொந்தக் கொட்டகை, லாரியில் ஏற்றிப் போகிற பெரிய ஜெனரேட்டர், மதுராந்தகம் வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் ஈடுகொடுக்கிற லைட்டு, மைக் செட்டு, மகள்கள் இருவருக்கும் டிகிரி. இத்தனையும் நாலாம் வகுப்போடு நின்றுபோன நான் ஒருத்தனாகச் செய்தது. என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். நான் முதலில் கால் வைத்த பேங்கில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படி ஸ்பேனரும் கையுமாக வளர்ந்தவன் கண்டதையும் நம்பமாட்டான். பேய், பிசாசு, தரிசனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கிறிஸ்தவக் குடும்பம்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், அதோடு சரி.

அதுவும் சபைக்காரர்கள் பிரசங்கத்துக்காக எடுக்கிற ஊழியப் படங்களின் சங்கதி எனக்கு அத்துபடி. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் தெருவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள், கரண்ட் என்னுடையது. போதகர் கையைத் தூக்கிக் கத்துவார், மின்னல் வெட்டும், கதவு படபடவென்று அடிக்கும், பிசாசு அலறிக்கொண்டு ஓடும். என் ஜெனரேட்டர் ஓடினால்தான் அந்தப் பிசாசும் ஓடும். பக்கத்தில் என் மனைவி கிரேஸ் முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"இன்னாத்துக்கு இம்மாம் கத்து கத்துறாரு? கர்த்தருக்குக் காது கேக்காதா?"

அவள் ஜெபம் வேறு மாதிரி. உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு முழங்காலில் நிற்பாள், உதடுகூட அசையாது. சாதம் குழைந்துபோகும், நான் திட்டுவேன். இப்போது திட்டவும் ஆள் இல்லை, குழைந்த சாதமும் இல்லை. படத்தில் ஜெபம் என்றால் சண்டைக் காட்சி. கிரேஸ் ஜெபம் செய்தால், வீட்டில் யாரோ சத்தமில்லாமல் ஏதோ பாரத்தைத் தூக்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் மாமல்லபுரம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் அப்படி ஒரு படம் எடுத்தார்கள். பிசாசு வருகிற காட்சிக்குப் புயல் வேண்டும் என்றார் டைரக்டர். பழைய மோட்டாரில் இறக்கை கட்டி நானே ஒரு ராட்சத ஃபேன் செய்து கொண்டுபோனேன். ஜெபம் செய்கிற பெண்களாக நடிக்க எங்கள் சபை ஜெபக்கூட்டத்தையே கூப்பிட்டிருந்தார்கள். அவர்களோடு எஸ்தரும் வேனிலிருந்து இறங்கினாள். எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிறவள், கிரேஸின் சினேகிதி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் மகன் டேவிட்டை முந்தின நாள் லாரி இடித்து, வயிற்றுக்குள் ரத்தம் நிற்காமல், படம் எடுக்கிற அதே காலையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

"இன்னாம்மா, புள்ள அங்க அப்டிக் கீறான், நீ நடிக்க வந்துகீற?"

"நடிக்க யாரு வந்தா? ஆஸ்பத்திரி வாசல்ல குந்திகினு செவுத்தப் பாத்துகினு இருக்கச் சொல்றியா? எங்க கூட்டம் மொத்தமும் இங்க கீது, முட்டி போடுன்னு அவங்களே சொல்றாங்க. முட்டி போட்டா சும்மா வுடுவோமா? இந்தா, என் போன நீ வச்சுக்க அண்ணாத்த. என் தம்பி அங்கதான் கீறான், அடிப்பான்."

நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, சுற்றிலும் பெண்கள் முழங்காலில். ஆக்ஷன் சொன்னதும் நான் ஃபேனைப் போட்டேன். பிசாசைத் துரத்துகிற வசனத்தை அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருத்தியும் சொல்லவில்லை. டேவிட் பெயர் மட்டும் முணுமுணுப்பாக இரண்டொரு முறை காதில் விழுந்தது.

"அம்மா, டயலாக்! அண்ணே, காத்து பத்தல, முந்தானை பறக்கவே இல்ல!" என்று கத்தினார் டைரக்டர். நான் வேகத்தைக் கூட்டினேன். டைரக்டர் தொப்பி பறந்தது, குடை பறந்தது, டீ மேசை கவிழ்ந்தது, மணல் வாரி அடித்து என் காதெல்லாம் நிறைந்தது. நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்தப் பெண்கள் தலையில் ஒரு முந்தானைகூட அசையவில்லை. மெழுகுவர்த்தி பூட்டிய அறைக்குள் எரிவதுபோல நிமிர்ந்து எரிந்தது. கட் என்று எத்தனை முறை கத்தியும் யாரும் எழவில்லை. ஆமென் சொல்லாமல் எங்கள் பெண்கள் எழமாட்டார்கள், அது அந்த டைரக்டருக்கு எங்கே தெரியும்?

எஸ்தர் ஆமென் என்றாள். அந்த நொடியில் அத்தனை முந்தானையும் ஒன்றாகப் படபடத்தது, மெழுகுவர்த்தி அணைந்தது. என் கையிலிருந்த எஸ்தரின் போன் அடித்தது.

"அண்ணா, அக்காகிட்ட சொல்லு. ரத்தம் நின்னுபோச்சாம். பொழச்சுகினான்!"

எஸ்தர் மணலிலேயே உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் அவளை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நர்ஸம்மா எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"தொடச்சு சுத்தமா ஆபரேஷனுக்கு உள்ள அனுப்புன ஆளு, வெளிய வரும்போது தலை பூரா மணல். எங்கம்மா போய்ப் பெரண்டான்?"

டேவிட்டின் தலையணையிலிருந்து கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். கிளிஞ்சல் துணுக்கு கலந்த கடல் மணல். அவன் அடிபட்டது தார் ரோட்டில். தோப்பில் எங்கள் எல்லார் தலையிலும் மணல் இருந்தது, அந்தப் பெண்கள் தலையில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. அவர்கள்மேல் விழவேண்டிய மணல் எங்கே போனது என்று அப்போதுதான் யோசித்தேன்.

படம் வந்தது. கம்ப்யூட்டரில் முந்தானைகளைப் பறக்கவிட்டிருந்தார்கள், மெழுகுவர்த்தியையும் அணைத்திருந்தார்கள், மேலே இரண்டு மின்னல். நடந்ததை எடுத்து வைத்துக்கொண்டு நடக்காததைக் காட்டினார்கள். கிரேஸ் இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

டேவிட் இப்போது வண்டி ஓட்டுகிறான். குளித்துவிட்டுத் தலை சீவினால் இன்றைக்கும் எப்போதாவது சீப்பில் மணல் வருகிறது என்கிறான். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது.

எஸ்தர் சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து, மகன் பிழைத்ததைச் சாட்சியாகச் சொன்னாள். கர்த்தருக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி, ஜெபக்கூட்டத்துக்கு நன்றி என்று உட்கார்ந்துவிட்டாள். ஏம்மா, காற்றே அடிக்காமல் இருந்திருந்தால் முந்தானை அசையாததை எவன் கண்டிருப்பான்? அந்தக் காற்றைப் போட்டவன் நான். அடுத்த முறை சாட்சி சொல்லும்போது என் பெயரையும் சொல்ல வேண்டும், மைக்கில்.